பழைய ஐகானுக்குப் புதுக் கால்: சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துலேருந்து கேட்கிறவங்க திரும்பத் திரும்ப அனுப்புற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "பழைய ஃபோர்டு ஐகான் 1.6 வச்சிருக்கேன். இன்ஜின் நல்லா இருக்கு. ஆனா ரோட்டுல வண்டி ஆடுது, வளைவுல சாயுது. லோயரிங் ஸ்பிரிங் போட்டு, கொஞ்சம் இறக்கி, இறுக்கமா ஆக்கலாம்னு இருக்கேன். வீட்டிலேயே செய்ய முடியுமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். செய்ய முடியும். ஆனா நீங்க நினைக்கிற வேலை வேற, வண்டிக்குத் தேவையான வேலை வேற. அதோட, இந்த வேலையில ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வீட்டுல செய்யாதீங்க. அது எதுன்னு நடுவுல வரும், கவனமா கேளுங்க.

"ஐகான் ஸ்போர்ட்ஸ் காரா?"ன்னு சிலர் சிரிக்கலாம். நம்ம ஊர்ல உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிக்க வந்தது ரொம்பக் கம்மி. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி போட்ட ரெண்டு சீட்டர் ஒண்ணு ரெண்டு வந்துச்சு, போச்சு. மத்தபடி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டின வேகம்னா அது ஜென், பாலியோ 1.6, லான்சர், அப்புறம் இந்த ஐகான். 1999 கடைசியில நம்ம மறைமலைநகர் ஆலையிலேருந்து வெளிவந்த வண்டி. விளம்பரத்துலயே 'ஜோஷ் மெஷின்'னுதான் சொன்னாங்க. 1.6 ராக்கம் இன்ஜின், 90க்கு மேல குதிரைத்திறன், சுமார் ஒரு டன் எடை. அந்தக் காலத்துக்கு அது பாயுற வண்டிதான். இன்னைக்கு நான் சொல்றது ஐகானுக்கு மட்டும் இல்ல, மேல சொன்ன எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

முதல்ல ரோட்டைப் பாருங்க

சஸ்பென்ஷன் பேச்சு வந்தா எல்லாரும் வண்டியைப் பத்திப் பேசுவாங்க. நான் ரோட்டுலேருந்து தொடங்குறேன்.

பெரம்பலூர் மாவட்டத்துல பெரும்பகுதி கரிசல் மண். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அது வரம். ரோடு போடுறவங்களுக்குத் தலைவலி. மழை பெய்தா கரிசல் தண்ணியைக் குடிச்சு உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். வெடிப்புல ஒரு குச்சியை விட்டா உள்ளே போயிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த மண்ணு மேல போட்ட தார் ரோடு என்ன செய்யும்? வருஷா வருஷம் மண்ணோட சேர்ந்து ஏறும், இறங்கும். அதுலயும் ரோட்டோட ஓரத்துலதான் ஈரம் அதிகமா மாறும், நடுவுல அவ்வளவா மாறாது. அதனால ஓரம் தனியா தாழும். கடைசியில ரோடு உடையாமலேயே அலை அலையா ஆயிடும். கிராமத்து ரோடுகள்ல குழியே இல்லாம வண்டி தொட்டில் மாதிரி ஆடுதுன்னா, காரணம் இதுதான்.

அரியலூர் பக்கம் கதை வேற. அங்க பூமிக்குள்ள சுண்ணாம்புக்கல், மேல சிமெண்ட் ஆலைகள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவுல ராத்திரி பகலா லாரி. 1950களோட கடைசியில அமெரிக்காவின் இலினாய்ல ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்துச்சு. அதுலேருந்து வந்த ஒரு தோராய விதியை இன்னைக்கும் ரோடு இன்ஜினீயர்கள் பயன்படுத்துறாங்க: ஒரு அச்சு ரோட்டுக்குப் பண்ற சேதம், அதோட எடையின் நாலாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். உங்க கார் அச்சு ஒண்ணு மேல அரை டன். லோடு லாரி அச்சு மேல 10 டன். 20 மடங்கு எடை. 20ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க: 1,60,000. அதாவது லாரியோட ஒரு அச்சு ஒரு தடவை போறதும், உங்க கார் அச்சு ஒண்ணரை லட்சம் தடவைக்கு மேல போறதும் ரோட்டுக்கு ஏறக்குறைய ஒண்ணு. லாரி சக்கரம் போற தடத்துல ரோடு பள்ளமாகி, ஓரத்துல மேடு கட்டுது. நீங்க ஓவர்டேக் பண்ண ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது காரோட டயர் அந்த மேட்டுல ஏறி இறங்குது.

இந்த ரெண்டு ரோட்டையும் விட்டுத் தேசிய நெடுஞ்சாலை 38ல ஏறிட்டா, பாடாலூர்லேருந்து திருச்சி வரைக்கும் சமமான நாலு வழி, வேகம் 100. ஆக உங்க வண்டிக்கு மூணு வேலை இருக்கு: அலை, தடம், வேகம். லோயரிங் ஸ்பிரிங்ங்கிறது இருங்காட்டுக்கோட்டையிலயோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலயோ சமமான தளத்துல ஓடுறதுக்கு நல்லது. செந்துறை ரோட்டுக்கு அது பதில் இல்ல.

ஸ்பிரிங்கை இறுக்கினா ஆட்டம் நிக்காது

ஏன் பதில் இல்லன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஸ்பிரிங் மேல நிக்கிற எந்த வண்டிக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. பானட்டை அமுக்கி விட்டா எந்த வேகத்துல மேல கீழ போகுதோ, அதுதான். சாதாரண கார்ல அது நொடிக்குச் சுமார் 1.3 தடவைன்னு வச்சுக்கலாம். நீங்க 80 கிலோமீட்டர் வேகத்துல போனா நொடிக்கு 22 மீட்டர் கடக்குறீங்க. 22ஐ 1.3ஆல வகுத்தா 17. ரோட்டுல 17 மீட்டருக்கு ஒரு அலை இருந்தா, அது உங்க வண்டியோட தாளத்தோட சரியா ஒத்துப்போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளி விடுற மாதிரி ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கிட்டே போகும்.

இப்போ இறுக்கமான ஸ்பிரிங் போடுறீங்க. தாளம் 1.6 ஆகுது. அதே 17 மீட்டர் அலையில ஆட்டம் இனி 80ல வராது. எங்க வரும்? 17ஐ 1.6ஆல பெருக்குங்க: நொடிக்கு 27 மீட்டர், கிட்டத்தட்ட 98 கிலோமீட்டர் வேகம். ஆட்டம் போகல. இன்னும் ஆபத்தான வேகத்துக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

ஆட்டத்தைக் கொல்றது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கிற எண்ணெய் சின்னத் துளைகள் வழியா நெருக்கிப் போகும்போது, ஆட்டத்தோட சக்தி சூடா மாறி வெளியே போயிடுது. இருபது வருஷம் ஓடின ஷாக் அப்சார்பர்ல அந்த வேலை பாதிகூட நடக்காது. அதனால நம்ம ஊர்ப் பழைய வண்டிக்கு 'அப்கிரேட்'ங்கிற வார்த்தைக்கு முதல் அர்த்தம், அதை ஷோரூம்லேருந்து வந்த நாள் இருந்த ஆரோக்கியத்துக்குக் கொண்டு வர்றது. பலருக்கு அதுவே போதும். "இந்த வண்டி இப்படியா ஓடும்?"னு அப்புறம் அவங்களே ஆச்சரியப்படுவாங்க.

இறக்குறதுல இன்னொரு சிக்கல் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்துல, 10 சென்டிமீட்டர் உயரத்துல, மெதுவா ஏறி இறங்குற வளைவா இருக்கணும். நம்ம ஊர்த் தெருவுல ராவோடு ராவா முளைக்கிற வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது. இறக்கின வண்டி அதுல அடிவயித்தை உரசும், இல்லைன்னா ஸ்பிரிங் முழுசா அமுங்கிப் பம்ப் ஸ்டாப் ரப்பர்ல முட்டும். முட்டின நொடியில சஸ்பென்ஷன்னு ஒண்ணு இல்ல. அடி முழுக்க பாடிக்குத்தான்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துலேருந்து மாறுபடும்படி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. 15 வருஷம் தாண்டின உங்க வண்டி ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னாடி நிக்கணும். அதனால அதே அளவுல, அதே உயரத்துல நிக்கிற நல்ல பாகங்களைப் போடுறது எல்லா வகையிலயும் புத்திசாலித்தனம்.

காசை எந்த வரிசையில செலவழிக்கிறது

காசு கொட்டிக் கிடக்குற ஆளுக்கு நான் பேசல. மாசம் கொஞ்சம் கொஞ்சமா செய்றவங்களுக்கு வரிசைதான் முக்கியம்.

முதல்ல டயரும் காத்தும். டயரோட பக்கத்துல வாரமும் வருஷமும் நாலு இலக்கமா அச்சடிச்சிருக்கும். 2315ன்னா 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம். அவ்வளவு பழைய டயரை வச்சுக்கிட்டு சஸ்பென்ஷனைப் பேசறதுல அர்த்தம் இல்ல. டயர்ல கையை ஓட்டிப் பாருங்க. அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பர் செத்துப் போச்சுன்னு டயரே சொல்லுது.

ரெண்டாவது ரப்பர். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு. நம்ம வெயில்ல ஓடாம நிக்கிற வண்டியிலகூட ரப்பர் காஞ்சு வெடிக்கும். ஸ்பேனரோ லீவரோ வச்சு நெம்பிப் பார்த்தா தெரிஞ்சிடும். புஷ் லூசா இருக்கும்போது புது ஷாக் அப்சார்பர் போடுறது, ஆட்டம் கண்ட கதவுக்குப் புதுப் பூட்டு போடுற மாதிரி. பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னு கேட்பீங்க. ஸ்டியரிங் கூர்மையாகும், சரி. ஆனா அதிர்வு உள்ளே வரும், கிரீஸ் காஞ்சா கிரீச்சுன்னு கத்தும். தினம் ஓட்டுற வண்டிக்கு நல்ல ரப்பரே போதும்.

மூணாவது ஷாக் அப்சார்பர். எப்பவும் ஜோடியா, முன்னாடி ரெண்டு இல்ல பின்னாடி ரெண்டு. அதோட ஸ்ட்ரட் மவுண்ட், அதுல இருக்கிற பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நாலையும் சேர்த்தே மாத்துங்க. ஒரே கழட்டல்ல முடியுற வேலை. எண்ணெய் ஷாக்கா, கேஸ் ஷாக்கா? மோசமான ரோட்டுல ரொம்ப நேரம் ஓடினா எண்ணெய் சூடாகி நுரைக்கும், நுரைச்சா பிடி போயிடும். கேஸ் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கும். ஜெயங்கொண்டம் வரைக்கும் தினம் போய் வர்றவர்னா கேஸ் ஷாக்குக்குக் கூடுதலா கொடுக்கிற காசு வீண் இல்ல.

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சதுலேருந்து பாகத்துக்குப் பயப்படறவங்க அதிகம். தேய்மானப் பாகங்களை வெளி நிறுவனங்களும் செய்யுறாங்க. பழைய பாகத்து மேல இருக்கிற எண்ணைக் குறிச்சுக்கிட்டுத் திருச்சியிலயோ சென்னையிலயோ கேளுங்க. பில் இல்லாத, பெட்டியில எழுத்துப் பிழை இருக்கிற 'ஒரிஜினல்' வேண்டாம்.

நாலாவதாதான் ஸ்பிரிங். சக்கரத்தோட மையத்துலேருந்து மேல பாடி விளிம்பு வரை டேப் வச்சு அளந்து எழுதுங்க. இடதுக்கும் வலதுக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தா, ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கு இல்ல உடைஞ்சிருக்கு. அப்போ மாத்துங்க. சரியா நின்னா கை வைக்க வேண்டாம்.

வீட்டுல செய்யும்போது

தரை கான்கிரீட்டா இருக்கணும். கரிசல் தரையில ஜாக்கி மெதுவா உள்ளே இறங்கும், உங்களுக்குத் தெரியாது. வண்டியை ஜாக்கியில தூக்குங்க, ஆனா ஜாக்கியை நம்பி கீழே போகாதீங்க. இரும்பு ஸ்டாண்டு ரெண்டு வாங்குங்க. ஹாலோ பிளாக், செங்கல், சுண்ணாம்புக்கல் எதையும் முட்டுக் கொடுக்காதீங்க. சிமெண்ட் ஊர்ல ஹாலோ பிளாக் சுலபமா கிடைக்கும்தான். ஆனா அது முன்னெச்சரிக்கை இல்லாம ஒரே நொடியில நொறுங்கும். தரையில நிக்கிற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை அண்டை கொடுங்க.

முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் துரு எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் படம் எடுங்க. பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலேருந்து விடுவிச்சு, எடை அதுல தொங்காம கம்பியால கட்டி வைங்க. ஒரு பக்கத்தை முடிச்சிட்டு அடுத்த பக்கம் போங்க. சந்தேகம் வந்தா பார்த்துக்க ஒரு பக்கம் முழுசா இருக்கும்.

இப்போ நான் முதல்ல சொன்ன அந்தக் கட்டம். முன்பக்கம் இருக்கிறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டுல வேலை பார்த்த ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களோட கடைசியில கொண்டு வந்த அமைப்பு. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூண்ல இருக்கும். ஸ்பிரிங் எப்பவும் அமுங்கின நிலையிலதான் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது உச்சியில, நடுவுல இருக்கிற ஒரே ஒரு நட்டு.

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ விசை வேணும்னு வைங்க. 150 மில்லிமீட்டர் அமுக்கினா 300 கிலோ. அதுல அடைஞ்சு கிடக்கிற சக்தி, 22 கிலோ கல்லு ஒண்ணு ஒரு மீட்டர் உயரத்துலேருந்து விழற சக்தி. அது விழப்போறது உங்க முகத்துக்கு நேரா. ரெண்டு கொக்கி போட்டுத் திருகுற மலிவான ஸ்பிரிங் கம்ப்ரசர்ல, ஒரு கொக்கி வழுக்கினா கையை எடுக்க நேரம் இருக்காது.

அதனால என் யோசனை: ஸ்ட்ரட்டை வண்டியிலேருந்து முழுசா இறக்குறது வரை நீங்க செய்யுங்க. நடு நட்டைத் தொடவே தொடாதீங்க. உச்சியில பாடியோட பிடிச்சிருக்கிறதை மட்டும் கழட்டுங்க. எந்த நட்டு எதுன்னு ஒர்க்‌ஷாப் மேனுவல்ல பார்க்காம ஸ்பேனர் வைக்காதீங்க. சில வண்டியில அது நடுவிலேயே இருக்கும், அப்படி இருந்தா முழு வேலையையும் மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. இறக்கின ஸ்ட்ரட்டைப் புது பாகங்களோட ஒரு பையில போட்டு, நிலையான ஸ்பிரிங் பிரஸ் வச்சிருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்க. அவங்க கழட்டி மாட்டிக் கொடுப்பாங்க. கூலி கொடுங்க, பேரம் பேசாதீங்க. வீட்டுக்கு வந்து மறுபடியும் நீங்களே பூட்டுங்க. வேலையோட சந்தோஷத்துல ஒரு துளியும் குறையாது.

பூட்டும்போது ரெண்டு விஷயம். ஒண்ணு, லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தூக்கி நிக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீங்க. சக்கரம் தொங்குற நிலையில இறுக்கினா, வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில நிக்கிற உயரத்துக்கு வந்தப்புறம் இறுக்குங்க. புது புஷ் ஆறு மாசத்துல போச்சுன்னு சொல்றவங்க முதல்ல இதைத்தான் சோதிக்கணும். ரெண்டு, கைக்கணக்கு வேண்டாம். டார்க் ரென்ச்சும் மேனுவல் சொல்ற அளவும்தான். உள்ளே நைலான் வளையம் இருக்கிற நட்டைத் திரும்பப் போடாதீங்க, புதுசு போடுங்க.

முடிஞ்சதும் நேரா நெடுஞ்சாலைக்குப் போகாதீங்க. தெருவுல 20 வேகம், பிரேக், இடது வலது ஒடிச்சுப் பாருங்க, சத்தம் கேளுங்க. அடுத்தது வீல் அலைன்மெண்ட். ஸ்ட்ரட்டைக் கழட்டினாலே சக்கரக் கோணம் மாறியிருக்கும். விட்டுட்டா புது டயர் ஒரு பக்கமா தேயும். 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் எல்லா நட்டையும் திரும்ப ஒரு தடவை பாருங்க.

கடைசியா ஒண்ணு. சஸ்பென்ஷன் நல்லா ஆனதும் வண்டி அமைதியாயிடும். 80ல போறது 60 மாதிரி இருக்கும். ஆனா எதிர்ல வர்ற லாரிக்கு 80 அப்பவும் 80தான், குறுக்கே வர்ற ஆட்டுக்கும் அப்படித்தான். நல்ல சஸ்பென்ஷன் சக்கரத்தை ரோட்டோட ஒட்ட வைக்கும், அதனால பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். அந்த லாபத்தை வேகமா செலவழிக்காம பாதுகாப்பா சேர்த்து வைங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, செலவு இல்லாதது. சமதரையில வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மையத்துலேருந்து பாடி விளிம்பு வரை அளந்து எழுதுங்க. அப்புறம் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டு, எத்தனை தடவை ஆடி நிக்குதுன்னு எண்ணுங்க. எழும்பி ஒரே தடவையில அடங்கினா நல்லது. ரெண்டு மூணு தடவை ஆடினா, எதுலேருந்து ஆரம்பிக்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அந்த நாலு அளவையும் எழுதி அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.